பத்தொன்பது இருசம்மாள்களும் ஒரு வாபஸ் மனுவும்

ஒரே ஊரில் பத்தொன்பது பெண்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிளார்க் தனசேகரனின் மண்டைக்குள் அது அழுத்தமாக எழுதியிருந்தது.

"எருக்கம்பட்டு, இருசம்மாள், கணவர் பேரு ஆண்டி. இதோ பாரு, வாக்காளர் பட்டியல்ல ஒண்ணுதான் இருக்குது. மீதி பதினெட்டும் அடிச்சாச்சு. அந்த ஒண்ணு நீதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார் தனசேகரன்.

"நான்தாங்க இருசம்மா. என் வூட்டுக்காரர் பேரு ஆண்டிதாங்க" என்றாள் இருசம்மாள்.

"அதத்தான் போன வாரம் வந்தவளும் சொன்னா."

கல்வராயன் மலையில் எருக்கம்பட்டு வழக்கம் அப்படி. முதலில் பிறக்கும் பெண்ணுக்கு ஊர்த் தெய்வம் இருசாயியின் பெயர். முதலில் பிறக்கும் ஆணுக்கு ஆண்டி. மூத்தவனுக்கு மூத்தவளைத்தான் கட்டுவார்கள். அதனால் ஊரில் பத்தொன்பது வீட்டில் ஆண்டியும் இருசம்மாளும் குடும்பம் நடத்தினார்கள். பாறையோரத்து இருசம்மா, பலாமரத்து இருசம்மா, ஓடைக்கரை இருசம்மா என்று ஊருக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். தனசேகரன் முன்னால் நின்றவள் ஓடைக்கரை இருசம்மா. யாருக்கும் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. ஆடு மாடுகூட அடையாளம் தெரிந்துதான் அவரவர் வீட்டுக்குப் போனது. கீழே இருந்து பட்டியல் சரிபார்க்க வந்த புண்ணியவான்தான் மேற்கொண்டு மலையேறச் சோம்பல் பட்டு, வெள்ளிமலை டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரே ஆளைப் பத்தொன்பது தடவை எழுதியிருப்பதாக முடிவு கட்டி, பதினெட்டு பேரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனான். உயிரோடு இருக்கும் பதினெட்டு பேரை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டான் அந்தக் கெட்டிக்காரன்.

இருசம்மாளுக்கு ஓட்டுக்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய இரண்டாவது மகள் சின்னப்பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாள். எருக்கம்பட்டிலிருந்து பத்தாவது தாண்டிய முதல் பெண். கிராம நர்சு பயிற்சிக்குப் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கிய இடம் இருந்தது. அதற்குச் சாதிச் சான்று வேண்டும். சான்றுக்கு, மலையில் குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சிக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். ஆகஸ்ட் இருபத்திரண்டு கடைசி தேதி.

அது எண்பத்தெட்டாம் வருஷம். முந்தின வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. எங்கே பார்த்தாலும் விழுக்காடு, விழுக்காடு என்றே பேச்சு. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூட விழுக்காடு சொன்னான். இருசம்மாளின் மகளுக்கு விழுக்காடு ஏற்கெனவே இருந்தது. அவள் அம்மாதான் இல்லை.

"சரிங்க, இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள்.

தனசேகரன் பேனாவால் காதைக் குடைந்தபடி யோசித்தார். "மத்த பதினெட்டு பொம்பளைங்களும், நாங்க இல்ல, இவதான் அந்த இருசம்மான்னு எழுதிக் குடுக்கட்டும். உனக்குச் சான்று எழுதித் தர்றேன்."

இல்லாதவர்கள் எப்படி எழுதிக் கொடுப்பார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் அந்த ஆளுக்கு விளங்குமா என்று சந்தேகமாக இருந்ததால் எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் எருக்கம்பட்டுக்கு ஜீப் வந்தது. ஜீப்பில் தங்கதுரை வந்தார். கட்சியில் அவருக்கு ஏதோ ஒரு பொறுப்பு. என்ன பொறுப்பு என்பது அவர் பெயருக்குக் கீழே நாலு வரி அச்சடித்த நோட்டீஸைப் படித்தால்தான் தெரியும். படித்தாலும் தெரியாது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் கோடு போட்ட தாள்கட்டு. ஆட்சி கலைந்து ஆளுநர் ஆட்சி வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. உடனே தேர்தல் நடத்து என்று கேட்டுத் தாலுகாவுக்கு இருபதாயிரம் கையெழுத்து வாங்கி அனுப்பும்படி மேலிடத்து உத்தரவாம்.

"தாய்மார்களே!" என்று ஆரம்பித்தார். ஆறு தாய்மார்களும் ஒரு கிழவரும்தான் நின்றார்கள். "நம்ம ஜனநாயகம் செத்துக்கினு இருக்குது!"

"எங்களையும்தாங்க சாவடிச்சிட்டாங்க" என்று இருசம்மாள் குறுக்கே பேசினாள். பட்டியல் கதையைச் சொன்னாள். மகள் கதையையும் சொன்னாள்.

தங்கதுரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரிக் கதை கேட்கும்போது துடைத்துக்கொள்வதற்காகவே அவர் துண்டு வைத்திருந்தார். "அக்கா, இவ்ளோதானா? தேர்தல் வந்தா பட்டியலைப் புதுசா எடுப்பாங்க. எல்லார் பேரும் தானா ஏறிடும். வெரலை வையுங்க. மவளுக்கு இன்னா, அந்த கிளார்க்குக்கு நானே லெட்டர் குடுக்கறேன். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க."

நம்பினார்கள். ஆள் விட்டுக் கூப்பிட, பத்தொன்பது இருசம்மாள்களும் வரிசையாக வந்து விரல் வைத்தார்கள். பெயரை எழுதியவர் தங்கதுரை. முதல் வரியில் "இருசம்மாள், க/பெ ஆண்டி, எருக்கம்பட்டு" என்று எழுதினார். அடுத்தவளும் அதே பெயரைச் சொன்னாள். "மேற்படி" என்று எழுதினார். அதற்கடுத்தவளுக்கும் மேற்படி. அப்படியே பதினெட்டு மேற்படி. ஜனநாயகத்தைக் காப்பாற்ற மலையேறி வந்த மனுஷனுக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயரை முழுதாக எழுதக் கை வலித்தது.

வெள்ளிக்கிழமை இருசம்மாள் வெள்ளிமலை வரை நடந்து, பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கட்சி ஆபீஸ் வாசலில் யாரும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். நாலு ஆம்பிளைகள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவர்களின் கட்டைவிரலில் ஊதா மையைத் தடவித் தாளில் அழுத்திக்கொண்டிருந்தான். கை கட்டைவிரல் இல்லை, கால் கட்டைவிரல். கை விரலெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. இன்னொருவன் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். களமருதூர், மணலூர்பேட்டை, மூங்கில்துறைப்பட்டு என்று ஊர் பிரித்து வைத்துக்கொண்டு, பெற்றவர்களே யோசித்திராத பெயராகப் பார்த்துப் பார்த்து, ஒன்றுபோல் ஒன்று வராமல் எழுதினான். அந்த வேலையில் மட்டும் அவ்வளவு அக்கறை.

தூ! என்று துப்ப வேண்டும்போல் இருந்தது இருசம்மாளுக்கு. மலையிலிருந்து இறங்கி வந்த கால் வலிக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் விரலையும் பிடித்து அழுத்திவிடுவார்களோ என்று நின்றபடியே இருந்தாள். தங்கதுரை வந்தார். லெட்டர் எழுத லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் என்றார். திங்கட்கிழமையோடு கடைசி தேதி போய்விடும் என்று அவள் சொன்னபோது அவர் அடுத்த அறையில் யாரையோ கூப்பிடுவதுபோல் போய்விட்டார்.

ஆனால் சனிக்கிழமை காலையில் அவரே ஜீப்பைப் போட்டுக்கொண்டு எருக்கம்பட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். மலைவாழ் மக்களும் தேர்தல் கேட்கிறார்கள் என்று ஜம்பம் காட்டுவதற்காக எருக்கம்பட்டுத் தாளைக் கட்டின் மேலே வைத்துக் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனுவை வாங்கிக்கொள்ள மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கட்டைப் பிரிக்கவில்லை. மேலே இருந்த தாளை மட்டும் பார்த்தார். ஒரு இருசம்மாள், பதினெட்டு மேற்படி, பத்தொன்பது ரேகை. "ஒரே பொம்பளை கை விரல் பத்தையும் கால் விரல் ஒன்பதையும் வெச்சிருக்கா. மீதி ஒரு விரல் என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். அதோடு விட்டாரா? இந்தத் தாளுக்குத் திங்கட்கிழமை விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் கட்டு முழுவதையும் பிரித்துப் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் நேரில் கூப்பிட்டு விசாரிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

பத்துக்கு ஒருவர் என்றால் இரண்டாயிரம் கால் கட்டைவிரல்களை எந்த ஊரில் போய்த் தேடுவது? தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, நீங்க மட்டும் திங்கக்கிழமை வாங்க. பத்தொன்பது வெரலும் நான்தான் வெச்சேன், தெரியாம வெச்சிட்டேன், வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மலை ஜனம், படிக்காதவங்கன்னு விட்டுடுவாங்க" என்றார்.

"நான் ஏங்க பொய் சொல்லணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்க. எருக்கம்பட்டுல ஒரே இருசம்மாதான், அது நீங்கதான்னு அதிகாரி முன்னாடி பதிஞ்சிடும். அந்தக் காயிதத்தைக் காட்டினா தனசேகரன் அன்னிக்கே சான்று எழுதுவான். மவ நர்சு ஆயிடுவா. மத்தவங்களுக்கு இன்னா, அவங்கதான் பட்டியல்லயே இல்லையே."

அவளுக்கு மனசு தடுமாறியது. இதை மறைத்து அவளை நல்லவளாக்கிக் காட்ட வேண்டியதில்லை. மகள் உள்ளே பானைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் கரையேறிவிடுவாள். மற்ற பதினெட்டு பேர் அவள் மேல் கோபித்துக்கொண்டால் எத்தனை நாள் கோபிப்பார்கள்? அப்புறம் பலாமரத்து இருசம்மாளை நினைத்தாள். அவள் பேறுகாலத்தில் இவள் ஓடினாள், இவள் பேறுகாலத்தில் அவள் ஓடிவந்தாள். அவளைப் பார்த்து நீ இல்லை என்று சொல்ல வேண்டும். அவளுக்கும் ஏழாவது படிக்கிற பையன் இருந்தான். நாளைக்கு அவனுக்கு யார் சான்று கொடுப்பார்கள்? இந்தக் கழுத்துத் துண்டுக்காரனுக்காக அவளைச் சாகடிப்பதா?

"சரிங்க, வர்றேன்" என்றாள்.

தங்கதுரை கும்பிட்டார். ஓட்டுக் கேட்கும்போதுகூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு, திங்கட்கிழமை காலை, அதிகாரி தங்கியிருந்த பயணியர் மாளிகை வராந்தாவில் தங்கதுரை அவளை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவள் வந்தாள். பின்னால் சின்னப்பொண்ணு. அவளுக்குப் பின்னால் பதினெட்டு பெண்கள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா இதுல இருசம்மாள்?"

"நான்தாங்க" என்று பத்தொன்பது பேரும் சொன்னார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். யாரும் குறையவில்லை. இருசம்மாள் முன்னால் வந்து ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அவர் மை டப்பாவை நகர்த்தி ஒவ்வொருத்தியையும் விரல் வைக்கச் சொல்லித் தாளோடு ஒத்துப் பார்க்கச் செய்தார். உதவியாளர் பூதக்கண்ணாடியை வைத்துக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "வேற வேற ஆளுங்கதாங்க சார்" என்றார்.

"அப்ப சரிதான். தாள் செல்லும்" என்றார் அதிகாரி.

அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இருசம்மாள் கைகட்டி நின்று, மிகவும் பணிவாக, "சார், எங்க வெரலைப் பார்த்த மாதிரி மத்தவங்க வெரலையும் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

அதிகாரிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டதுபோல் கட்டின் முடிச்சில் கை வைத்தார். தங்கதுரை பாய்ந்தார். "சார், சார்! இந்த மலைத்தாளால உங்களுக்கு வீண் தொந்தரவு. நாங்களே வாபஸ் வாங்கிக்கிறோம். மீதிக் கட்டுல ஒரு சந்தேகமும் இல்லீங்க."

"விரல் வெச்சவங்கதான் வாபஸ் வாங்கணும். நீங்க யாரு வாங்க?" என்றார் அதிகாரி. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. இருபதாயிரம் ரேகையைப் பிரிப்பதைவிடப் பத்தொன்பது பேரோடு முடிவது அவருக்கும் சௌகரியம்தான். நியாயம் என்பதெல்லாம் பசிக்கு முன்னால் அந்த அளவுக்குத்தான்.

தங்கதுரை இருசம்மாளை வராந்தா மூலைக்கு இழுத்துப்போனார். "அக்கா, உங்க காலைப் பிடிச்சிக் கேக்கறேன். வாபஸ்னு வெரலை வெச்சிடுங்க."

"என் காலு எதுக்குங்க? உங்க ஆபீஸ்ல வேணுங்கிற காலு இருக்குதே, வெள்ளிக்கிழமை பார்த்துக்கினுதானே போனேன்" என்றாள்.

அவர் முகம் கறுத்தது. இருசம்மாள் மை ஒட்டிய விரலை நீட்டியபடியே சொன்னாள். "வாபஸ் வாங்கறோம். ஆனா நான் சொல்றபடி எழுதணும். நீங்களே எழுதணும்."

எழுதினார். ஒரு மணி நேரம் எழுதினார். எருக்கம்பட்டு ஓடைக்கரை வீட்டில் குடியிருக்கும், மலையாளி பழங்குடி வகுப்பைச் சேர்ந்த, பெரியாண்டி மருமகளும் ஆண்டி மனைவியுமான, இடது புருவத்தில் தழும்புள்ள இருசம்மாள். அவளுக்குப் பிள்ளைகள் இன்னார் இன்னார். பலாமரத்து வீட்டில் குடியிருக்கும், அதே வகுப்பைச் சேர்ந்த, இன்னாரின் மருமகளான, வலது முழங்கையில் மச்சமுள்ள இருசம்மாள். ஒவ்வொருத்திக்கும் முழுப் பெயர், முழு ஊர், வீடு, மாமனார், புருஷன், பிள்ளைகள், அடையாளம். நாலாவது ஆளுக்கு "மேற்படி" என்று ஆரம்பித்தார். இருசம்மாள் மகளைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு தாளில் விரல் வைத்து, "இத அடிச்சிட்டு முழுசா எழுதுங்க" என்றாள். அடித்துவிட்டு எழுதினார். கை வலித்தபோது உதறிக்கொண்டு எழுதினார்.

கடைசி வரியை அதிகாரியே சொல்லி எழுதவைத்தார். "மேலே கண்ட பத்தொன்பது பேரும் என் முன்னிலையில் நேரில் ஆஜராகி, உடனடியாகத் தேர்தல் நடத்தக் கோரும் மனுவிலிருந்து தங்கள் கோரிக்கையை வாபஸ் பெறுகிறார்கள்." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். கார்பன் நகல் ஒன்று கேட்டாள் இருசம்மாள். எதற்கு என்று அவர் கேட்டார். மகளின் விண்ணப்பத்தைக் காட்டினாள். அவர் நகலின் ஓரத்தில் "பரிசீலித்து இன்றே சான்று வழங்கவும்" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

தனசேகரன் அந்த நகலை இரண்டு தடவை படித்தார். அடியில் இருந்த முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார். "இத்தனை இருசம்மாவும் நெஜமாவே இருக்கீங்களா?" என்றார்.

"வெளியே நிக்கறாங்க. எண்ணிக்குங்க" என்றாள் இருசம்மாள்.

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எண்ணவும் செய்தார், உதடு அசைந்தது. அப்புறம் படிவத்தை எடுத்து நிரப்பி உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். மணி நாலரை. சின்னப்பொண்ணு சான்றைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு ஓடி, ஐந்து மணிக்குப் பயிற்சி ஆபீஸ் கதவைச் சாத்துவதற்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது தங்கதுரையின் ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனது. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள் தங்கள் சொந்தக் கையால் ஒப்பமிட்ட மாபெரும் கோரிக்கை, அதிகாரியால் ஒரு குறையும் இன்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அலறிக்கொண்டு போனது. அந்தத் தாலுகாவிலேயே, இது என் விரல்தான் என்று நேரில் வந்து காட்டியவர்கள் பத்தொன்பது பேர். தேர்தல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் அந்தப் பத்தொன்பது பேர் மட்டும்தான்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பலாமரத்து இருசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓடைக்கரை இருசம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா? சான்றுதான் கெடைச்சிடுச்சே" என்றாள் சின்னப்பொண்ணு.

"கெடைச்சிடுச்சிடி."

"அப்புறம் ஏன் இப்படி உக்காந்துக்கினு இருக்க?"

இருசம்மாள் தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த மையைப் புடவையில் தேய்த்தாள்.

"எனக்கு இன்னா, ஓட்டுப் போட ஆசை இல்லேன்னு நெனைச்சியா? நான் உசிரோட இருக்கேன்னு காட்டறதுக்கு, எனக்கு ஓட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்டி."

பஸ் வந்தது. பத்தொன்பது பேரும் ஏறிக்கொண்டார்கள்.